கண் நேராகிவிட்டது, ஆழம் தெரிகிறதா?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டினார். அதன் விதான ஓவியங்கள் தட்டைப் பரப்பில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஓர் உருவம் இன்னொன்றை மறைப்பதால் யார் முன்னே, யார் பின்னே என்று புரிந்துவிடுகிறது. ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் புரியும். மாறுகண்ணோடு வளரும் குழந்தைகள் பலர் உலகத்தையே இப்படித்தான் அளக்கிறார்கள்: மறைப்பு, நிழல், தொலைவில் சிறுத்துத் தெரியும் உருவம்.

இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழம் வேறு. இரண்டிலும் விழும் படங்கள் சற்றே மாறுபடும். அந்த மாறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கினார். தறியில் அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சிடும் கைக்கு இந்தக் கணிப்பு பெரிய துணை.

கண்கள் வெவ்வேறு திசையில் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும். குழந்தையின் மூளை அதைச் சகிக்காது. ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெலும் வீசலும் பூனைக்குட்டிகளுக்கு மாறுகண் உண்டாக்கிப் பார்த்தபோது, இரு கண்ணுக்கும் பொதுவான மூளைச் செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மாறுகண்ணைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். விழியைத் திறப்பதுகூட இல்லை; அதை அசைக்கும் வெளித் தசைகளை இடம் மாற்றியோ சுருக்கியோ தைக்கிறார்கள். விழி நேராகும். ஆழம் தெரிவது மூளையின் பாடு. எப்போதாவது மட்டும் வெளிப்பக்கம் ஒதுங்கிய கண் என்றால் நல்ல வாய்ப்பு, ஏனென்றால் மற்ற நேரங்களில் இரு கண்ணும் சேர்ந்து பழகியிருக்கும். பிறந்த சில மாதங்களிலேயே மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணுக்கு, இரண்டு வயதுக்குள் சரிசெய்தாலும் பெரும்பாலும் ஓரளவு ஆழமே கிடைக்கும். தள்ளிப்போட்டால் அதுவும் அரிது. விதிவிலக்கும் உண்டு. அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பாரிக்குச் சிறுவயதில் மூன்று அறுவைகள் நடந்தன. ஆழம் தெரிந்ததோ 48 வயதில், பார்வைப் பயிற்சிக்குப் பிறகு.

அறுவைக்குப் பின் சில நாள் இரட்டையாகத் தெரிவது வழக்கம். கண்ணாடி, நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டு ஆகியவை தொடரவேண்டியிருக்கலாம். சில மாறுகண்ணுக்குக் கண்ணாடியே போதும், கத்தியே வேண்டாம்.

'மாறுகண் அதிர்ஷ்டம்', 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று சொல்பவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். பிறந்து நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகியே இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். விழித்திரைப் புற்றுநோயும் அபூர்வமாக மாறுகண்ணாகவே தலைகாட்டும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான்.