மெய்நிகராக்க வழங்கியில் கோப்பு முறைமைப் பொதிகளின் முரண்: காரணமும் தீர்வுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின்மீது பிராக்ஸ்மாக்ஸ் மெய்நிகராக்க மென்பொருளைக் கைமுறையாக நிறுவும்போது, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்குரிய மென்பொருட் பொதிகள் தம்முள் முரண்படுவதுண்டு. அம்முரண் தோன்றும் காரணம், பிழைச்செய்திகளின் வகைகள், தரவுக்கு ஊறு நேராமல் அவற்றைத் தீர்க்கும் வரிசை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. முரண் அறிவிப்பு ஒரு காப்பாகவே அமைகிறது என்பதும், அதனை வலிந்து மீறும்போதே உண்மையான பழுது தொடங்குகிறது என்பதும் இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: டெபியன், பிராக்ஸ்மாக்ஸ், இசட்எஃப்எஸ், பொதி முரண், மெய்நிகராக்கம், ஆய்வுத் தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழாய்வுக்குரிய மூலங்களில் பெரும்பகுதி இன்று கணினி வட்டுகளில் சேமிக்கப்படுகிறது. ஓலைச்சுவடிப் படிமங்கள், கல்வெட்டுப் படிகள், வட்டார வழக்கு ஒலிப்பதிவுகள், சொல்லடைவுத் தரவுகள் ஆகியன ஒரு துறையின் பல்லாண்டு உழைப்பின் பயனாகும். 1998-இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல நாடுகளிலும் படியெடுக்கப்பட்டுப் பரவியுள்ளமையால், ஒரு கணினி பழுதுறுவதால் அவை அழிந்துவிடா. ஒரே வழங்கியில் மட்டும் உள்ள களப்பணித் தரவுக்கு அத்தகைய காப்பு இல்லை.

அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் அமைந்துள்ள மதுரைத் தல்லாகுளம் போன்று கல்வி நிறுவனங்கள் செறிந்த பகுதியில் இயங்கும் மொழித்துறை ஒன்றை விளக்கத்திற்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். அத்துறையில் ஒரே ஒரு வழங்கி உள்ளது. அதில் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவப்பட்டு, ஒரு மெய்நிகர் கணினியில் துறையின் இணையதளமும் மற்றொன்றில் சொல்லடைவுத் தரவுத்தளமும் இயங்குகின்றன. சுவடிப் படிமங்கள் இரு வட்டுகளில் இணைபடியாக இசட்எஃப்எஸ் முறைமையில் சேமிக்கப்பட்டுள்ளன. ஒருநாள் வழக்கமான மேம்படுத்தல் பாதியில் நின்று, பொதிகள் முரண்படுவதாகத் திரை அறிவிக்கிறது. அந்நிலையில் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பொதியும் உரிமையும்

டெபியனில் எந்த மென்பொருளும் பொதி வடிவிலேயே வந்து சேர்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதாதலின், அதற்கும் இவ்விதி பொருந்தும். பொதிகளை வட்டில் விரித்து நிறுவுவது டிபிகேஜி என்னும் கருவி. களஞ்சியங்களிலிருந்து உரிய பதிப்புகளைத் தெரிந்தெடுத்து அதனிடம் ஒப்படைப்பது ஆப்ட் என்னும் கருவி.

டிபிகேஜியின் அடிப்படை நெறி, வட்டிலுள்ள ஒரு கோப்பு ஒரு பொதிக்கே உரியது என்பதாகும். வேறொரு பொதி அதே இடத்தில் அதே பெயரில் கோப்பு ஒன்றை வைக்க முயன்றால், அக்கோப்பு இன்ன பொதிக்கு உரியது என்று அறிவித்து டிபிகேஜி நின்றுவிடும். ஒரு பொதியை அகற்றும்போது அதற்குரிய கோப்புகளும் அகற்றப்படுகின்றன. இரு பொதிகள் ஒரு கோப்பைப் பகிர்ந்திருப்பின், ஒன்றை நீக்கும்போது மற்றொன்று சிதையும். மறுப்பின் காரணம் இதுவே.

2. ஒரே கோப்பு முறைமை, இரு களஞ்சியங்கள்

பிராக்ஸ்மாக்ஸை இரு வழிகளில் நிறுவலாம். அதன் சொந்த நிறுவுவட்டைப் பயன்படுத்துவது ஒன்று. முதலில் டெபியனை நிறுவி, பின்னர்ப் பிராக்ஸ்மாக்ஸ் களஞ்சியத்தை இணைத்து அதன் பொதிகளை ஏற்றுவது மற்றொன்று. 2023-இல் வெளிவந்த 8-ஆம் வரிசை டெபியன் 12-ஐயும், 2025-இல் வெளிவந்த 9-ஆம் வரிசை டெபியன் 13-ஐயும் அடித்தளமாகக் கொண்டவை. கைமுறை வழியில் இரு களஞ்சியங்கள் ஒரே கணினியில் கூடுகின்றன. முரணின் வேர் இக்கூட்டத்திலேயே உள்ளது.

இசட்எஃப்எஸ் இதற்குத் தக்க சான்றாகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகிய இம்முறைமையின் மூலநிரல் 2005-இல் சிடிடிஎல் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. லினக்ஸின் கருப்பகுதியாகிய கர்னல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் அமைந்தது. இவ்விரு உரிமங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பது டெபியனின் நிலைப்பாடு. ஆகவே டெபியன், இசட்எஃப்எஸ் கர்னல் கூற்றை ஆயத்த வடிவில் தராமல் மூலநிரலாகத் தருகிறது. பயனரின் கணினியிலேயே டிகேஎம்எஸ் என்னும் அமைப்பு அதனைத் தொகுத்துக்கொள்கிறது. பிராக்ஸ்மாக்ஸோ அக்கூற்றை ஆயத்த வடிவில் தன் கர்னலுடனேயே சேர்த்து வழங்குகிறது.

பிராக்ஸ்மாக்ஸ் கர்னல் ஓடும் கணினியில் டெபியனின் டிகேஎம்எஸ் பொதியையும் ஏற்றினால், அது இரண்டாவது கூறு ஒன்றைத் தொகுக்க முற்படும். கர்னலின் தலைப்புக் கோப்புகள் இல்லையெனில் அக்கர்னலுக்கான தொகுப்பு நடைபெறாது. தொகுப்பு வெற்றி பெற்றாலோ புதிய கூறு தனிக் கோப்புறையில் அமர்ந்து, ஆயத்தக் கூற்றுக்கு முன்னதாக ஏற்றப்படும். அதன்பின் கட்டளைக் கருவிகள் ஒரு பதிப்பாகவும் கர்னல் கூறு வேறொரு பதிப்பாகவும் இயங்கக்கூடும். எடுத்துக்காட்டாக, டெபியன் 12-இன் நிலைக் களஞ்சியத்தில் உள்ளது 2.1.11 பதிப்பு; பிராக்ஸ்மாக்ஸ் 8-ஆம் வரிசையோ பின்னர் 2.2-க்கு நகர்ந்தது. இவ்வகைப் பிளவு பிழைச்செய்தி எதனையும் காட்டாமல் நிகழ்வதால் கூடுதல் கவனத்திற்குரியது.

3. பிழைச்செய்தியின் மூவகை

முதல் வகை சார்பு முரண். ஒரு பொதி மற்றொன்றுடன் ஒருங்கிருக்க இயலாது எனப் பொதியின் விவரக்குறிப்பே அறிவிப்பதை ஆப்ட் உணர்ந்து கூறுவது இது. பிராக்ஸ்மாக்ஸ் தரும் கியூஎம்யு பொதி டெபியனின் கியூஎம்யு பொதியுடன் இவ்வாறு முரண்படும். டெபியனின் வன்பொருள் நிலைநிரல் பொதிகள் சிலவும் அத்தகையவை. அவற்றை ஏற்ற முனைந்தால், பிராக்ஸ்மாக்ஸின் தலைமைப் பொதியையே நீக்கிவிட ஆப்ட் முன்மொழியும். இவ்விபத்தைத் தடுக்கப் பிராக்ஸ்மாக்ஸ் ஓர் இடைத்தடையை வைத்துள்ளது: நீக்குமாறு வேண்டும் பெயருடைய வெற்றுக் கோப்பு ஒன்றைப் பயனர் தம் கையால் மூலக் கோப்புறையில் உருவாக்கினாலன்றி நீக்கம் நடைபெறாது.

இரண்டாம் வகை, மேற்கூறிய கோப்புரிமை முரண். இது டிபிகேஜி நிலையில் எழுவது.

மூன்றாம் வகை அரைகுறை அமைவு. பொதி விரிக்கப்பட்டபின் அதன் அமைவு நிரல் தோல்வியுற்றாலோ இடையில் மின்சாரம் தடைப்பட்டாலோ நேர்வது. இதனை முரணாகக் கருதிப் பொதிகளை நீக்கத் தொடங்குவது தவறாகும். எஞ்சியுள்ள அமைவுகளை நிறைவேற்றுமாறு டிபிகேஜிக்குக் கட்டளையிடுவதே முதற்படி. தொகுப்புப் பிழை, வட்டில் இடமின்மை ஆகிய காரணங்களையும் உடன் ஆராய வேண்டும்.

4. தீர்க்கும் வரிசை

முதலாவதாக, தரவின் நிலையை அறிதல் வேண்டும். இசட்எஃப்எஸ் கூறு ஏற்றப்பட்டுத் தரவுத் தொகுதி நலமாக இருப்பின், மெய்நிகர் கணினிகளையும் சுவடிப் படிமங்களையும் வேறொரு வட்டில் காப்புப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். இரு வட்டுகளின் இணைபடி ஒரு வட்டின் பழுதைத் தாங்கும். தவறான கட்டளையைத் தாங்காது.

இரண்டாவதாக, ஒவ்வொரு பொதியும் எக்களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை ஆப்டின் பாலிசி கட்டளையால் காண வேண்டும். கோப்பின் உரிமையை டிபிகேஜியின் தேடல் வசதி காட்டும். இறுதியாக நிகழ்ந்த மாற்றங்களை ஆப்டின் வரலாற்றுப் பதிவேடு தெரிவிக்கும். இசட்எஃப்எஸின் பதிப்புக் கட்டளை இரு வரிகளைத் தரும். முதல் வரி கருவிகளின் பதிப்பையும் இரண்டாம் வரி கர்னல் கூற்றின் பதிப்பையும் குறிக்கும். இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, இசட்எஃப்எஸ் சார்ந்த அனைத்தும் ஒரே களஞ்சியத்திலிருந்து வருமாறு செய்ய வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் வழங்கியில் அது பிராக்ஸ்மாக்ஸ் களஞ்சியமாகவே இருத்தல் தகும். டிகேஎம்எஸ் வழிவந்த இசட்எஃப்எஸ் பொதியை நீக்கி, டெபியனின் பின்பெயர்ப்புக் களஞ்சியம் இணைக்கப்பட்டிருப்பின் அதனையும் விலக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் முதலில் ஒத்திகை நிலையில் இயக்கி, நீக்கப்படவிருக்கும் பொதிகளின் பட்டியலைப் படித்தபின்னரே நிறைவேற்ற வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் எளிய மேம்படுத்தலுக்கு மாறாக முழு மேம்படுத்தலையே பயன்படுத்த வேண்டும். முன்னது புதிய சார்புகளுக்காகப் பழைய பொதியை நீக்காது. அதனால் வழங்கி பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நின்றுவிடக்கூடும்.

நான்காவதாக, தொடக்க நினைவகப் படிமத்தை எல்லாக் கர்னல்களுக்கும் புதுப்பித்து, முன்னர் நன்கு இயங்கிய கர்னல் ஒன்றையும் விட்டுவைத்து, வழங்கியை மறுதொடக்கம் செய்து பதிப்புகளை மீண்டும் ஒப்பிட வேண்டும்.

5. தவிர்க்க வேண்டியவை

கோப்புரிமை மறுப்பை மீறி மேலெழுதுமாறு டிபிகேஜியை வற்புறுத்தும் வசதி உண்டு. எந்தக் கோப்பு, எந்த இரு பொதிகள், பின்னர் எது நீக்கப்படும் என்னும் மூன்றும் தெரியாத நிலையில் அதனைப் பயன்படுத்தலாகாது.

தரவுத் தொகுதியைப் புதிய வடிவத்திற்கு உயர்த்தும் கட்டளையும் முரண் தீரும்வரை விலக்கத்தக்கது. பொதியைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். தொகுதியில் இயக்கப்பட்ட புதிய வசதியை அவ்வாறு திருப்ப இயலாது. அவ்வசதி பயன்பாட்டுக்கு வந்தபின், பழைய கூறு அத்தொகுதியைத் திறக்க இயலாமற்போகலாம்.

இவை அனைத்தினும் கேடு பயப்பது அச்சத்தால் செய்யும் செயல். கர்னல் கூறு ஏற்றப்படாதபோது, படிமங்கள் இருந்த கோப்புறை வெறுமையாகத் தோன்றும். தரவு வட்டுகளில் அப்படியே உள்ளது. அதனைத் திறக்கும் வாயில் மட்டுமே மூடியுள்ளது. அந்த வெறுமையைத் தரவிழப்பு எனக் கருதி வட்டுகளைப் புதிதாக வடிவமைப்பவரே உண்மையான இழப்பை உண்டாக்குகிறார். வெறுமையான அக்கோப்புறையில் காப்புப்படிகளை எழுதினால் அவை இயங்குதள வட்டில் சேர்ந்து அதனை நிரப்பிவிடும் என்பதும் கருதத்தக்கது. டெபியன் நிறுவி இசட்எஃப்எஸை மூலக் கோப்பு முறைமையாக வழங்குவதில்லை. ஆதலின், கைமுறையாக நிறுவிய வழங்கியில் இயங்குதளம் பெரும்பாலும் வேறு கோப்பு முறைமையில் அமைந்திருக்கும். இசட்எஃப்எஸ் பழுதுற்றாலும் வழங்கி தொடங்கும். நிதானமாகச் சீர்செய்ய வழி உண்டு.

முடிவுரை

பொதி முரண் என்பது, ஒரு கோப்புக்கு இரு உரிமையாளரும் ஒரு முறைமைக்கு இரு மூலங்களும் அமைவதைத் தடுக்கும் அறிவிப்பாகும். கைமுறை நிறுவல் தரும் உரிமையோடு, எப்பொதி எங்கிருந்து வரவேண்டும் என்பதை வரையறுக்கும் பொறுப்பும் நிறுவுபவரைச் சேர்கிறது. மொழித்துறைகள் தம் வழங்கியில் இணைத்துள்ள களஞ்சியங்களையும் பொதிப் பதிப்புகளையும் எழுத்தில் பதிந்து வைப்பது நன்று. வழங்கியைப் பேணும் ஆய்வாளர் பட்டம் பெற்று வெளியேறிய பின்னரும், அடுத்து வருபவர் அப்பதிவைக் கொண்டு பிழைச்செய்தியைச் சரியாகப் படிக்க இயலும். துறையின் சுவடிப் படிமங்களும் காக்கப்படும்.