எழுதுவது எப்போது, எங்கே?

நம் சங்க நூலகத்தின் புத்தகப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கித் தரும் கணிப்பொறி நிரல் ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன் என்பதை வாசகர்களில் பலர் அறிவீர்கள். தொடங்கிய நாள் முதல் நிரல் எழுதும் நண்பர்களுக்கு வாரம் ஒரு கடிதமும், இவ்விதழுக்கு மாதம் ஒரு குறிப்பும் எழுதி வந்தேன். "இரண்டு மாதமாகக் குறிப்பைக் காணோமே, வேலை நின்றுவிட்டதா?" என்று சிலர் அன்போடு விசாரித்தார்கள். வேலை நிற்கவில்லை. எழுதும் முறையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் வேலையைப் பற்றி. தமிழ் அகர வரிசை கணிப்பொறிக்குத் தானாக வந்துவிடாது. யூனிகோடு குறியீட்டின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் 128 இடங்கள் உள்ளன. அதில் 'ன' என்ற எழுத்து 'ந'வை அடுத்தும், 'ற' என்ற எழுத்து 'ர'வை அடுத்தும் நிற்கின்றன. நாம் பள்ளியில் படித்த வரிசையில் இவை இரண்டும் கடைசியில் அல்லவா வரும்? மேலும், 'க்' என்பதை 'க' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறிகளாகவே கணிப்பொறி வைத்துக்கொள்கிறது. புள்ளிக்குரிய எண் பெரியது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'பகல்' முன்னும் 'பக்கம்' பின்னும் வரும். அகராதியில் 'பக்கம்'தான் முதலில் இருக்கும்.

வரிசைக்கான விதிகள் இன்று ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் நம் பட்டியலின் பெரும்பகுதி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற 'டாம்', 'டாப்' முறைகளைப் போல அக்காலத்தில் பல முறைகள் இருந்தன. எந்தப் பக்கம் எந்த முறையில் உள்ளது என்று கண்டறிந்து மாற்றுவதே என் நிரலின் முக்கிய வேலை.

தொடக்கத்தில் வாரக் கடிதம் மிகவும் உதவியது. கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது போன்ற கேள்விகளுக்கு நண்பர்கள் விடை தந்தார்கள். இப்போது அந்தக் கேள்விகள் தீர்ந்துவிட்டன. மிச்சமிருப்பது பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும் வேலை. இரவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் கடிதத்துக்கு ஒதுக்குவதெல்லாம் பட்டியலுக்குக் குறைகிறது.

இன்னொரு காரணம், நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சொல்லாமலே புரியும்: மாற்றல். அடுத்த ஜூனில் எனக்கு உத்தரவு வரக்கூடும். நான் மூட்டை கட்டிய பிறகு, நண்பர்களின் பெட்டிகளில் கிடக்கும் கடிதங்களால் நூலகத்துக்கு என்ன பயன்?

இவ்விஷயத்தில் இருவரின் வழி எனக்குப் பிடித்தது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று தம் முயற்சியைப் பற்றிச் சுருக்கமாக எழுதினார். மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம், அதில் என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டார். பதில் சொல்லக்கூடியவர்கள் இருந்த இடம் பார்த்துக் கேட்டார். அந்த முயற்சியே லினக்ஸ் ஆயிற்று. டொனால்ட் குனூத்தின் வழி வேறு. 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலில் தாம் திருத்தியவற்றை 1978 முதல் குறித்து வைத்தார். அந்தப் பதிவை 1989-ல்தான் கட்டுரையாக வெளியிட்டார். அவர் அடிக்கடி எழுதியது வேலைக்காக. ஊருக்குச் சொன்னது பல ஆண்டுகள் கழித்து.

இவ்விரண்டையும் சேர்த்து எனக்கென ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் இரண்டு வரி: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன். அவை நிரலுடன் ஒரே கோப்புறையில் இருக்கும். நிரல் போகும் இடமெல்லாம் கூடவே போகும். நண்பர்களுக்கு, கேட்பதற்குக் கேள்வி இருந்தால் மட்டும் கடிதம். இவ்விதழில், வாசகர்கள் பயன்படுத்தக்கூடிய ஒன்று தயாரானால் மட்டும் குறிப்பு.

நான்காவதாக ஓர் இடமும் உண்டு. நம் நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மையாருக்கு என் கடிதங்களும் வேண்டாம், குறியீடுகளும் வேண்டாம். புதுப் புத்தகம் வந்தால் எங்கே தட்டச்சு செய்வது, எந்த விசையை அழுத்துவது என்பது தெரிந்தால் போதும். அதை ஒரே தாளில், பெரிய எழுத்தில், நல்ல தமிழில் எழுதிக் கணிப்பொறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை நான் எழுதியவற்றில் தினமும் படிக்கப்படுவது அந்தத் தாள்தான்.

ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பிள்ளைகளில் நிரல் எழுதக் கற்றவர்கள் யாரேனும் ஞாயிறு காலையில் நூலகத்துக்கு வந்தால், அந்தக் கோப்புறையைக் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களால் நிரலை இயக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே தடுக்கிறதோ, அங்கே இன்னும் இரண்டு வரி எழுதுவேன்.