எமர்ஜென்சி வார்டில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு என்ன வேலை? தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

மழை நேரத்தில் முடிச்சூர் மெயின் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்துட்டீங்கன்னு வச்சுக்கோங்க. தலையில் அடி இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் கணுக்கால் வீங்கிப்போச்சு. தாம்பரம் பக்கம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனால் எக்ஸ்ரே, ஊசி, கட்டு, மாத்திரை கிடைக்கும். "எலும்பு உடையலை, வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள்.

சரி, காலை எப்போ ஊன்றலாம்? மாடிப்படி எப்படி ஏறுவது? வேலைக்கு எப்போ போகலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான் பிசியோதெரபிஸ்ட்.

எமர்ஜென்சியில் யாருக்கு முதல் இடம்?

முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சை என்ற கணக்கு அங்கே கிடையாது. தமிழ்நாடு அரசின் 'டேய்' எனப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில், நோயாளிகளை சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. சுளுக்கு, தசைப்பிடிப்பு, முதுகுவலி போன்றவை பெரும்பாலும் பச்சை. அதனால்தான் காத்திருக்கும் நேரமும் இவர்களுக்கே அதிகம். பிசியோதெரபிஸ்ட் அதிகம் கைகொடுப்பதும் இந்த இடத்தில்தான்.

அங்கே என்ன செய்வார்?

* கணுக்கால், மூட்டு காயம்: எலும்பின் குறிப்பிட்ட இடங்களில் அழுத்தினால் வலிக்கிறதா, நாலு அடி நடக்க முடிகிறதா என்று பார்ப்பார். கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-ல் உருவான இந்த முறை, யாருக்கு எக்ஸ்ரே தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதைப் பிரித்துக்காட்டும்.
* தலைசுற்றல்: படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றுதா? உள்காதில் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். 'எப்லி' முறையில் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி, சில நிமிடங்களிலேயே பலருக்குச் சரிசெய்ய முடியும்.
* வயதானவர்கள்: பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு எலும்பு முறிவு இல்லை என்பது மட்டும் போதாது. தனியாக எழுந்து நடக்க முடியுமா, வாக்கர் வேண்டுமா என்று பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினால், மறுபடி விழும் ஆபத்து குறையும்.
* சளி, மூச்சுத்திணறல்: சளியை வெளியேற்றவும், சரியாக மூச்சு விடவும் உதவுவார்.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் எமர்ஜென்சியிலேயே பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். ஆஸ்திரேலியாவில், உயிருக்கு ஆபத்தில்லாத கை, கால் காயம் என்றால் அவரே முதலில் பார்க்கும் முறையும் உண்டு. இதனால் நோயாளி காத்திருக்கும் நேரம் குறையும். டாக்டர்களும் சிவப்புப் பிரிவு நோயாளிகளைக் கவனிக்க முடியும்.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

இங்கே பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி தனிப் பிரிவு. டாக்டர் எழுதிக்கொடுத்தால், மறுநாள் புறநோயாளியாகப் போக வேண்டும். ராத்திரியில் அந்தப் பிரிவு மூடியிருக்கும். மறுநாள் போகாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு.

ஆனால் சட்டம் தடையாக இல்லை. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரப் பணியாளர்கள் ஆணையச் சட்டம், பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட் தனியாகவோ மருத்துவக் குழுவில் ஒருவராகவோ பணியாற்றலாம் என்கிறது.

எப்போ டாக்டர்தான் முதலில்?

முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி, தலையில் அடி என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் இருப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது போன்றவையும் அவசரம்தான். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ காலை வரை காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்க.

இன்னொன்று, அடிபட்ட முதல் இரண்டு நாளில் எண்ணெய் போட்டு நீவுவது, சூடு ஒத்தடம் கொடுப்பது வேண்டாம். வீக்கம் கூடும். எலும்பு முறிந்திருந்தால் நீவுவது ஆபத்து.

நீங்க கேட்க வேண்டியது என்ன?

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்றே கேள்வி கேளுங்க: எப்போது காலை ஊன்றலாம்? என்ன பயிற்சி செய்யணும்? எந்த அறிகுறி வந்தால் திரும்ப வரணும்?

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்க.