இன்ஸ்டாகிராம் பட்டியலை நாமே எடுக்கலாம், சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்



பொருள் விற்பதற்காக இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் நம் கூட்டமைப்பில் கூடிக்கொண்டே வருகின்றன. சத்துமாவு, மசாலாப் பொடி, பனை ஓலைக் கூடை, சணல் பை என்று ஆளுக்கு ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறோம். கிளஸ்டர் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "நம்மள ஃபாலோ பண்றவங்க பேரையெல்லாம் எக்செல்ல இறக்கித் தர ஒரு டூல் இருக்காமே, வாங்கலாமா?"

இறக்கலாம். அதற்குக் காசும் வேண்டாம், டூலும் வேண்டாம். இன்ஸ்டாகிராமே அந்தப் பட்டியலை நமக்குத் தருகிறது. ஆனால் இது பல பேருக்குத் தெரியாததால், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் டூல் என்று சொல்லி விற்க வருகிறார்கள். அதனால் முதலில் அந்த டூல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

டூல் கேட்பது எதை?

இந்தக் கருவிகள் பொதுவாக மூன்று வகை. ஒன்று, கணினியில் குரோம் உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறிய நிரல். நம் கணக்கைத் திறந்து வைத்தால், பின்தொடர்பவர் பட்டியலை அதுவே மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பெயர்களை அள்ளி ஒரு கோப்பில் கொட்டும். இரண்டாவது வகை, வேறு எங்கோ உள்ள கணினியிலிருந்து இயங்கும் சேவை. நாம் தூங்கினாலும் அது நம் பெயரில் உள்ளே போய் வேலை செய்யும். மூன்றாவது வகைதான் ரொம்ப மோசம். "யூசர் நேம், பாஸ்வேர்டு போடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்கும் செயலிகள்.

பாஸ்வேர்டு கேட்டால் நம் சகோதரிகள் உஷாராகிவிடுவார்கள். வங்கிக் கணக்கில் பழகிப் பழகி அந்த எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வகை பாஸ்வேர்டு கேட்காது. "செஷன் குக்கி" என்று ஒன்றைக் கேட்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

குக்கி என்றால் என்ன? நாம் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும், இன்ஸ்டாகிராம் நம் உலாவிக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் இல்லையா, அதுபோல. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவர் கைக்குப் போகும், நீ யார் என்று கேட்க மாட்டார்கள். இந்த டோக்கனும் அப்படித்தான். அது கையில் இருப்பவர் பாஸ்வேர்டு இல்லாமல், நம் போனுக்கு ஓடிபி வராமல், நேரே நம் கணக்குக்குள் போகலாம். வாடிக்கையாளர் நமக்கு அனுப்பிய முகவரி, போன் நம்பர், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அங்கேதானே கிடக்கிறது? ஒரு பெயர்ப் பட்டியலுக்காகப் பீரோச் சாவியையே கொடுத்த கதையாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விதிமுறைப்படி, அவர்கள் அனுமதி இல்லாமல் தானியங்கி முறையில் தகவல் திரட்டக் கூடாது. ஒரு மனுஷி விரலால் தள்ளும் வேகம் வேறு, இயந்திரம் தள்ளும் வேகம் வேறு. அந்த வித்தியாசத்தை அவர்களுடைய கணினிகள் கண்டுபிடிக்கும்போது கணக்கை முடக்கிவிடுகிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு குழுவுக்கு 2024 தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் இப்படித்தான் ஆனது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். பட்டியலும் எடுத்தார். மறுநாள் காலையில் கணக்கு பூட்டிக்கொண்டது. முறுக்கு, அதிரசம் என்று வந்திருந்த ஆர்டர்கள் எல்லாம் உள்ளே மெசேஜில். யார் எத்தனை கிலோ கேட்டார்கள், யார் முன்பணம் கொடுத்தார்கள் என்று ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதி, தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டார்கள். மாவு, எண்ணெய்க்கு வாங்கிய உள்கடன் தவணை மட்டும் அந்த மாதமும் நிற்கவில்லை.

நேர்வழியில் எடுப்பது எப்படி?

போனில் இன்ஸ்டாகிராமைத் திறந்து நம் முகப்புப் பக்கத்துக்குப் போங்கள். மேலே வலது பக்கம் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டால் "அக்கவுண்ட்ஸ் சென்டர்" வரும். அதற்குள்ளே நம் தகவல்கள், அனுமதிகள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அங்கேதான் நம் தகவலை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இந்தப் பெயர்களை அவர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள். டவுன்லோட் என்றோ எக்ஸ்போர்ட் என்றோ இருந்தால் அதுதான்.

எல்லாத் தகவலும் வேண்டுமா, சிலது போதுமா என்று கேட்கும். எல்லாம் என்று போட்டுவிடாதீர்கள், படம் வீடியோ எல்லாம் சேர்ந்து போன் நிரம்பிவிடும். "ஃபாலோயர்ஸ் அண்ட் ஃபாலோயிங்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். அடுத்து எந்தத் தேதியிலிருந்து என்று கேட்கும். இங்கே கவனம் வேண்டும். "ஆல் டைம்", அதாவது தொடக்கத்திலிருந்து என்று மாற்றாமல் விட்டால், கடைசி ஒரு வருஷத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் வந்து, "நாலாயிரம் பேர் இருந்தாங்களே, ஆயிரம்தானே வந்திருக்கு" என்று குழம்புவோம். கோப்பு வடிவம் கேட்கும்போது "ஹெச்டிஎம்எல்" தேர்வு செய்தால் போதும். "ஜேசன்" என்பது கணினி நிரல் எழுதுபவர்களுக்கு வசதி, நமக்கு வேண்டாம்.

பாஸ்வேர்டைக் கேட்டு, விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும். உடனே வராது. தயாரானதும் கணக்கோடு இணைத்துள்ள மின்னஞ்சலுக்குத் தகவல் வரும். சில நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும், தாண்டினால் திரும்ப விண்ணப்பிக்கணும். (கணக்கு தொடங்கிய நாளில் யாரோ தம்பியின் மின்னஞ்சலைக் கொடுத்து, அவர் இப்போது ஊரில் இல்லை என்கிற குழுக்கள் நிறைய. முதலில் மின்னஞ்சலைக் குழுவின் பெயருக்கு மாற்றுங்கள்.)

வருவது ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரித்தால் உள்ளே "ஃபாலோயர்ஸ் 1" என்கிற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதைக் கணினியில் உலாவியில் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, காப்பி எடுத்து, கூகுள் ஷீட்டிலோ எக்செல்லிலோ ஒட்டிவிடலாம். பெயரும் தேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக மாறி மாறி விழுந்தால் பயப்பட வேண்டாம். பேரேடு எழுதும் சகோதரி அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு பத்தியாகப் பிரித்துவிடலாம்.

அந்தப் பட்டியலால் என்ன பயன்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டியலில் பின்தொடர்பவரின் பயனர் பெயர், அவர் பக்கத்துக்கான இணைப்பு, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பது மட்டும்தான் இருக்கும். போன் நம்பர் இருக்காது. ஊர் இருக்காது. நம்மிடம் வாங்கியவரா, வாங்காதவரா என்றும் தெரியாது. "டூல் போட்டால் நம்பரோடு வரும்" என்று யாராவது சொன்னால், அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனாளர்களின் தகவல்கள், போன் நம்பரோடு, இணையத்தில் சும்மாவே கிடந்தது வெளியே தெரிந்தது. தானியங்கி முறையில் அள்ளிச் சேர்த்த தகவல்தான் அது. அதற்காக 2022 நவம்பரில் அயர்லாந்து நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அபராதம் போட்டாலும் ஒருமுறை வெளியே போன நம்பர் திரும்பி வருமா?

தேதிப் பத்தியை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். வரிசைப்படுத்திப் பார்த்தால் எந்த வாரத்தில் நிறைய பேர் சேர்ந்தார்கள் என்று தெரியும். அந்த வாரம் என்ன செய்தோம்? மாவட்டக் கண்காட்சியில் கடை போட்டோமா, கூடை பின்னும் வீடியோ போட்டோமா? பதில் நம் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கும். கண்காட்சிக்குப் போக வேன் வாடகை கொடுத்தது வீணா, லாபமா என்று பேச இது உதவும். இன்னொரு பயன், நாளை கணக்குக்கு ஏதாவது ஆனாலும் பெயர்கள் நம் கையில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது.

உண்மையான சொத்து நம் ஆர்டர் நோட்டுதான் என்பது எங்கள் கருத்து. நாலாயிரம் பேர் பின்தொடரலாம், இரண்டு முறை வாங்கினவர் நாற்பது பேர்தான் என்றால் நமக்குச் சோறு போடுவது அந்த நாற்பது. அவர்களுக்கு ஒரு ஷீட் போடுங்கள். பெயர், போன், ஊர், பொருள், தேதி, தொகை, கடைசியில் "புதுப் பொருள் வந்தால் தகவல் அனுப்பலாமா" என்று ஒரு பத்தி. ஆம் என்றவருக்கு மட்டும் அனுப்பணும்.

இதில் தானியங்கி வசதி வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம் இருக்கிறது, இலவசம். நாலு கேள்வியோடு ஒரு படிவம் செய்து, அதன் இணைப்பை நம் இன்ஸ்டாகிராம் முகப்பில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் நிரப்ப நிரப்ப ஷீட்டில் தானாக ஏறிக்கொள்ளும். அவர்களே விரும்பிக் கொடுத்த தகவல், யார் சாவியும் யாரிடமும் போகவில்லை. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பார்சலில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வையுங்கள், "எங்கள் நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள் அக்கா" என்று.

பட்டியலைப் பாதுகாப்பது

நம் வாடிக்கையாளரில் பெரும்பகுதி பெண்கள். நம்மை நம்பித்தான் வீட்டு முகவரி கொடுக்கிறார்கள். அந்த ஷீட்டைக் குழு வாட்ஸ்அப்பில் போட்டால், அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய், கடன் செயலிக்காரர் வரைக்கும் போகும். கூகுள் ஷீட்டைப் பகிரும்போது "இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்" என்பதை எடுத்துவிட்டு, ஊக்குநர், பிரதிநிதி, பேரேடு எழுதுபவர் மூவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தக் கடைசிப் பத்தியை இப்போதே போடச் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே ஏதாவது டூலுக்குக் குக்கியோ பாஸ்வேர்டோ கொடுத்துவிட்ட குழுக்கள் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அக்கவுண்ட்ஸ் சென்டரில் பாஸ்வேர்டு, பாதுகாப்பு பகுதிக்குள் எந்தெந்தக் கருவியில் நம் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாத ஊர், தெரியாத போன் இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள், அப்போதுதான் பழைய டோக்கன் செல்லாமல் போகும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். உலாவியில் சேர்த்த நிரலை நீக்க மறக்காதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.

அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். குழுவின் போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் தெரிந்தவர் ஒருவர் கூட வரணும். கோப்பு வர நேரமாகும் என்பதால், விண்ணப்பத்தை முந்தின நாளே போட்டுவிட்டு வந்தால் அங்கேயே உட்கார்ந்து ஷீட்டில் ஏற்றிவிடலாம்.