காரத் தண்ணீரும் உடல் பருமனும் – ஓர் எளிய விளக்கம்

இப்போது நம் குடியிருப்புகளில் "அல்கலைன் வாட்டர்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து செய்முறை காட்டுகிறார். உடம்பு இளைக்கும், சர்க்கரை குறையும் என்கிறார். கருவியின் விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது. "வாங்கலாமா சார்?" என்று சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதால், விஷயத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. அமிலத்துக்கு எதிரான தன்மை. அதை பி.எச். என்ற அளவுகோலால் குறிக்கிறோம். 7 என்றால் நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். கருவிக்குள் இரண்டு மின்முனைகளும் நடுவில் ஒரு சவ்வும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் எதிர்முனைப் பக்கம் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, தண்ணீர் காரமாகிறது. நேர்முனைப் பக்கம் ஆக்சிஜன் உண்டாகி, தண்ணீர் அமிலமாகிறது. காரப் பக்கத்துத் தண்ணீரைத்தான் குடிக்கச் சொல்கிறார்கள். தண்ணீரில் தாது உப்புகள் இருந்தால்தான் இது சரியாக நடக்கும். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் கருவிக்குப் பெரிய வேலை இருக்காது.

செய்முறையில் சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் நிறம் மாறும், பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். நம் வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகிறதே, அதுவும் இதே வேதியியல்தான். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டாலும் தண்ணீர் காரமாகிவிடும். தண்ணீரில் காரம் இருக்கிறது என்பதை நிறம் காட்டும்; உடம்புக்கு நல்லது என்பதைக் காட்டாது.

சரி, அந்தக் காரம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? வயிற்றில் காத்திருப்பது கடுமையான அமிலம். பி.எச். 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில், ஹைட்ராக்சைடை மட்டும் கணக்கிட்டால், அதைச் சரிக்கட்ட பி.எச். 2 உள்ள வயிற்று அமிலம் சுமார் 3 மி.லி. போதும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை! ரத்தத்தின் பி.எச்.சை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகக் காக்கின்றன. நாம் குடிக்கும் தண்ணீர் அதை அசைத்துவிடாது. "உடம்பு அமிலமாகிவிட்டது, அதனால்தான் கொழுப்பு சேருகிறது" என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது.

இந்தத் தண்ணீரை ஒரேயடியாக மோசடி என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. இதன் தாய்வீடு ஜப்பான். அங்கே 1960-களிலேயே அரசு இக்கருவிகளை வீட்டு மருத்துவச் சாதனமாக அங்கீகரித்தது. ஆனால் அங்கீகாரம் அஜீரணம், வயிற்றுப்போக்கு போன்ற வயிற்றுக் கோளாறுகளுக்குத்தான். உடல் பருமனுக்கு அல்ல.

2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் வாயு செல்களைச் சேதத்திலிருந்து காக்கக்கூடும் என்று வெளியிட்ட பிறகு, கவனம் காரத்திலிருந்து ஹைட்ரஜனுக்குத் திரும்பியது. 2008-ல் 36 பேர், சர்க்கரை நோயாளிகளும் அதன் விளிம்பில் இருந்தவர்களும், தினம் 900 மி.லி. ஹைட்ரஜன் நீரை 8 வாரம் குடித்ததில், கெட்ட கொழுப்பின் ஒரு வகை சற்றுக் குறைந்தது. 2020-ல் 60 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்விலும் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தன. ஆனால் அதில் கொடுத்தது ஹைட்ரஜன் தரும் மாத்திரை கரைத்த தண்ணீர். கருவித் தண்ணீர் அல்ல. ஆய்வுக்கு உட்பட்டவர்களும் சிலர்தான். ஹைட்ரஜன் வேறு நில்லாமல் பறந்துவிடும். ராத்திரி பிடித்துக் குடத்தில் வைத்த தண்ணீரில் காலையில் எவ்வளவு மிஞ்சும்?

பருமன் குறைய வெறும் தண்ணீருக்கே சான்று இருக்கிறது. 2015-ல் பிரிட்டனில் பருமனான 84 பேரிடம் நடந்த ஆய்வில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு அரை லிட்டர் சாதாரணத் தண்ணீர் குடித்தவர்கள், 12 வாரத்தில் மற்றவர்களைவிட 1.3 கிலோ கூடுதலாக இளைத்தார்கள். காரத் தண்ணீர் வாங்கியவர் இளைத்தாலும், தண்ணீர் அதிகம் குடித்ததாலும் கூல்டிரிங்க்ஸை விட்டதாலும் இருக்கலாம் அல்லவா?

சில எச்சரிக்கைகள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மாத்திரை போடும்போது சாதாரணத் தண்ணீரே நல்லது. சில மாத்திரைகளின் மேல்பூச்சு காரத்தில் முன்னதாகவே கரைந்துவிடும். நம் நாட்டுத் தர விதி குடிநீருக்கு பி.எச். 6.5 முதல் 8.5 வரை என்கிறது.

என் கவலை லட்ச ரூபாய் மட்டுமல்ல. "தண்ணீர் பார்த்துக்கொள்ளும்" என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவர்களைப் பற்றித்தான் பெரிய கவலை. இந்தியர்களான நமக்கு பி.எம்.ஐ. 25 ஆனாலே பருமன். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே ஆபத்து. வீட்டில் ஒரு இன்ச் டேப் வாங்கி வையுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவிடமும் போனில் இதைச் சொல்லி வையுங்கள்.