கண்ணுக்குப் புலப்படாத மட்டம்

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவன் எட்டிப் பார்க்கிறான். இருட்டாயிருந்தால் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை முழம் போட்டு அளந்துகொள்கிறான். இதில் ஏமாறுவதற்கு இடமே இல்லை. ஆனால், எட்டிப் பார்க்கவும் இயலாத, கயிறு இறக்கவும் இயலாத ஒரு பாத்திரத்தில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை இரவும் பகலும் ஒவ்வொரு கணமும் அறிந்துகொண்டே இருக்கவேண்டும் என்றால் என்ன செய்வது? தொழிற்சாலைகளில் புகையைக் கழுவித் தூய்மை செய்யும் கோபுரங்களைப் பற்றிய கேள்வி இது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சிறிது பேச எண்ணுகிறேன்.

நிலக்கரியில் கந்தகம் கலந்திருக்கிறது. கரி எரியும்போது அந்தக் கந்தகமும் எரிந்து, கந்தக டை ஆக்ஸைடு என்னும் வாயுவாகிப் புகையோடு வெளியேறுகிறது. தீக்குச்சியை உரசியவுடன் மூக்கைச் சுரீரென்று தாக்கும் நெடி இதனுடையதுதான். மூச்சுக்குழலுக்கு இது பகை. மழைநீரோடு கலந்தால் அமிலமாகிப் பயிரையும் கட்டடங்களையும் அரிக்கும். ஆகவே புகையைக் கழுவி வெளிவிடும் வழக்கம் ஏற்பட்டது. இலண்டன் மாநகரில் 1933ஆம் ஆண்டு மின்சாரம் வழங்கத் தொடங்கிய பாட்டர்ஸீ மின் நிலையம், தன் புகையைத் தேம்ஸ் நதியின் நீரைக் கொண்டு கழுவிற்று. கழுவிய நீர் மறுபடியும் அந்த நதிக்கே போயிற்று என்பது வேறு விஷயம்.

இப்போது பெரிய அனல் மின் நிலையங்கள் பலவற்றில், சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து நீரில் கலக்கிய குழம்பு பயன்படுகிறது. புகை, கோபுரத்தின் பக்கவாட்டில் நுழைந்து மேல்நோக்கிச் செல்கிறது. குழம்போ மேலிருந்து மழைபோல் பொழிகிறது. இரண்டும் எதிர்ப்படும்போது கந்தக வாயு குழம்பில் அகப்பட்டுக்கொள்கிறது. குழம்பு கோபுரத்தின் அடியில் தேங்குகிறது. அங்கே காற்றை ஊதுவதால், அகப்பட்ட கந்தகம் ஜிப்சம் என்னும் உப்பாக மாறுகிறது. தேங்கிய குழம்பைப் பெரிய பம்புகள் உறிஞ்சி மீண்டும் மேலே ஏற்றுகின்றன.

அடியில் தேங்கி நிற்கும் இந்தக் குழம்பின் மட்டத்தைப் பொறுத்தே எல்லாம் நடைபெறுகிறது. மட்டம் மிகவும் தாழ்ந்தால் பம்பு குழம்போடு காற்றையும் சேர்த்து விழுங்கும். உதறி அதிர்ந்து கெடும். மேலே மழை நிற்கும். கழுவப்படாத புகை ஊருக்குள் வரும். மட்டம் மிகவும் உயர்ந்தால், புகை நுழையும் வாயிலுக்கே குழம்பு ஏறி, சூடான குழாயினுள் புகுந்து பாறைபோல் இறுகிவிடும். பம்பை நிறுத்துவதும் ஓட்டுவதும் இக்காலத்தில் தானியங்கி முறையில் நடக்கின்றன. மட்டம் காட்டும் கருவி என்ன சொல்கிறதோ அதுவே அங்கே சட்டம்.

இவ்வளவையும் நான் கற்றுக்கொண்டது, என் பழைய மாணவர் ஒருவர் தாம் பணிபுரியும் மின் நிலையத்தைக் காட்ட என்னை அழைத்துச் சென்ற நாளில். கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் அவர் இருக்கிறார். கோபுரத்தின் அடியில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு வட்டத் தகட்டைக் காட்டி, "இதுதான் மட்டம் பார்க்கும் கருவி, ஐயா" என்றார்.

"இது எப்படித் தம்பி பார்க்கும்? கண்ணாடிகூட இல்லையே" என்றேன்.

"பார்க்காது, ஐயா. எடை போடும். நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடந்தான்" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கி, "ஆனால் ஒன்று, ஐயா. அந்தக் கணக்குகளில் எல்லாம் அடர்த்தி ஒன்று என்றே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்" என்றார்.

உண்மைதான். திரவத்தின் அழுத்தம் என்பது அதன் உயரத்தையும், அடர்த்தியையும், புவியீர்ப்பையும் பெருக்கி வருவது என்று கரும்பலகையில் எழுதுவேன். பிறகு கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, எப்போதும் தண்ணீரையே எடுத்துக்கொள்வேன். முப்பது ஆண்டுகளுக்குமேல் இப்படிச் செய்திருக்கிறேன். அந்த எளிமைக்குள் இருந்த ஆபத்தை என் மாணவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தகட்டின் மேல் விழும் அழுத்தத்தை மட்டுமே அந்தக் கருவி உணர்கிறது. அதை அடர்த்தியால் வகுத்து, உயரம் இவ்வளவு என்று காட்டுகிறது. அடர்த்தி இன்னது என்பதைக் கருவி தானாக அறியாது. நாம் சொல்லி வைத்திருப்பதை நம்புகிறது. எடையில் 100க்கு 15 பங்கு திடப்பொருள் கலந்த குழம்பு, தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.10 மடங்கு கனமுள்ளது. கருவியை 1.10 என்று பொருத்தி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஜிப்சம் மிகுந்து குழம்பு 1.15 மடங்காகக் கனத்துவிட்டால், உண்மையில் 10 மீட்டர் நிற்கும் குழம்பைக் கருவி 10 மீட்டர் 45 சென்டிமீட்டர் என்று காட்டும். குழம்பு வேண்டிய அளவு இருக்கிறது என்று நாம் எண்ணியிருக்கும்போதே பம்பின் வாயருகே மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறானது நுரை. அடியிலிருந்து காற்று ஊதப்படுகிறது என்று சொன்னேன் அல்லவா? காற்றுக் குமிழிகள் மிகுந்து, குழம்பின் சராசரி அடர்த்தி 1.00 ஆகக் குறைந்துவிட்டால், 11 மீட்டர் உயரம் பொங்கி நிற்பதைக் கருவி 10 மீட்டர் என்றே சொல்லும். பால் பொங்குவதை நிறுத்துத் தெரிந்துகொள்ள முடியுமா? பொங்குவதற்கு முன்னும் பின்னும் பாலின் எடை ஒன்றுதானே!

இது ஏட்டளவில் நிற்கும் பிழை அன்று என்பதற்கு ஒரு சான்று கூறவேண்டும். புகை கழுவும் கோபுரத்தில் நிகழ்ந்ததன்று அது; எண்ணெயைப் பிரித்தெடுக்கும் ஒரு கோபுரத்தில் நிகழ்ந்தது. கருவி செய்த தவறு ஒரே இனத்தைச் சேர்ந்தது ஆதலால் இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி என்னும் ஊரில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். அதன் அடிப்பகுதியில் சில அடி உயரத்தை மட்டுமே அளக்கத்தக்க கருவி ஒன்று இருந்தது. அது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிப்படி இயங்குவது. திரவத்தில் தொங்கும் ஒரு கட்டையின் எடை, அமிழும் அளவுக்கு ஏற்பக் குறைவதைக்கொண்டு மட்டத்தைச் சொல்வது. அதுவும் திரவத்தின் அடர்த்தியை நம்பியே கணிப்பது. கோபுரத்திலிருந்து திரவம் வெளியேறும் வழி மூடியிருந்தது. உள்ளே செல்வது மட்டும் நிற்கவில்லை. கட்டை முழுவதும் மூழ்கிவிட்டது. திரவம் சூடேறச் சூடேற அதன் அடர்த்தி குறைந்தது. கட்டையைத் தாங்கும் விசையும் குறைந்தது. கருவி அதை எப்படிப் புரிந்துகொண்டது? மட்டம் இறங்குகிறது என்று! நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில் கோபுரத்தினுள் 158 அடி உயரம் திரவம் நின்றது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்ட அளவோ சுமார் 8 அடி; அதுவும் சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டிருந்தது.

தனியே அமைந்த உயர்மட்ட எச்சரிக்கை மணி ஒன்று அன்று ஒலிக்கவில்லை. கண்ணால் மட்டம் பார்ப்பதற்கென்று வைத்திருந்த கண்ணாடியோ அழுக்கேறிப் பயனற்றுக் கிடந்தது. பிற்பகல் 1 மணி 20 நிமிடத்தளவில், பொங்கி வழிந்த எண்ணெயின் ஆவி தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டார்கள். 180 பேர் காயமுற்றார்கள். அந்தக் கருவி பழைய விவரத்தாள் ஒன்றைக்கொண்டு பிழையாகப் பொருத்தப்பட்டிருந்தது என்றும், அத்தாள் 1975ஆம் ஆண்டுக்குப் பின் திருத்தப்படவில்லை போலும் என்றும் விசாரணை செய்தவர்கள் கண்டார்கள். கருவி உடைந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குச் சொல்லப்பட்ட அடர்த்தியைக்கொண்டு அது முறையாகவே கணக்குப் போட்டது.

அப்படியானால், மாறிக்கொண்டே இருக்கும் அடர்த்தியை எப்படிக் கருவிக்கு அறிவிப்பது? இதற்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. கோபுரத்தில் ஒரே நேர்கோட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, சரியாக 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகளைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள குழம்பின் உயரம் எப்போதும் 2 மீட்டர்தான், அது மாறாது. ஆகவே இரண்டு அழுத்தங்களின் வித்தியாசம் 2.20 மீட்டர் நீரின் அழுத்தத்துக்குச் சமமானால் அடர்த்தி 1.10, 2.30 மீட்டருக்குச் சமமானால் 1.15. குழம்பு தன்னைத் தானே நிறுத்துக் காட்டுகிறது. இந்தக் கணக்கை என் வகுப்பில் கொடுக்கத் தவறினேனே என்று வருந்தினேன். எனினும் அந்த 2 மீட்டருக்கு மேலே மிதக்கும் நுரையை இந்த உபாயமும் அறியாது. ஆகையால் குழம்பைக் குப்பியில் எடுத்து நிறுத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

இனி, குழம்பு என்றாலே படிவு உண்டு. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதுபோல் ஜிப்சம், கருவியின் தகட்டின்மேலும் அதற்கு முன்னுள்ள குழாய் வாயிலும் ஏடு ஏடாகப் படிகிறது. வாய் அடைபட்டுவிட்டால், அடைபட்டபோது இருந்த அழுத்தமே உள்ளே சிறைப்பட்டு நிற்கும். கருவி அதையே காட்டிக்கொண்டிருக்கும். மட்டம் சிறிதும் ஏறாமல் இறங்காமல் நேர்கோடாக இருக்கிறதே என்று மகிழக்கூடாது. பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும் கோபுரத்தில் மட்டம் எப்போதும் சற்றே அசைந்துகொண்டுதான் இருக்கவேண்டும். இதைத் தவிர்க்கவே, குறித்த நேரங்களில் நல்ல நீரைப் பாய்ச்சி அந்த வாயை அலசுகிறார்கள். அலசும்போது கருவி பொய்தான் சொல்லும். ஆதலால் அந்தச் சில நொடிகளுக்கு அதன் பேச்சைப் பம்பு கேளாதபடி செய்துவைக்க வேண்டும்.

தகட்டைத் துடைப்பதிலும் நிதானம் வேண்டும். அது மிக மெல்லியது. இறுகிய படிவைத் திருப்புளியால் சுரண்டிய ஒருவரால் ஒரு தகடு குழிந்து, அதன்பின் சுழி காட்டவேண்டிய இடத்தில் அது சுழி காட்டவே இல்லை என்று என் மாணவர் கூறினார். நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் துடைப்பதே முறை. ஈரத்துணியால் சிலேட்டைத் துடைக்கச் சொன்னால் நகத்தால் கீறும் பிள்ளைகள் என் நினைவுக்கு வந்தார்கள்.

நான் சென்ற அன்று ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு கருவிகளில், ஒன்று 9 மீட்டர் 80 சென்டிமீட்டர் என்றது. மற்றது 9 மீட்டர் 53 சென்டிமீட்டர் என்றது. இளம் உதவியாளர் ஒருவர், குறைவாகக் காட்டுவதை 27 சென்டிமீட்டர் கூட்டித் திருகிவைத்துவிட்டால் ஒத்துப்போகும் என்றார். என் மாணவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் இரண்டு அளவுகளையும் உள்ளது உள்ளபடியே குறிப்பேட்டில் எழுதச் செய்தார். தவறான விடையை அழித்துவிட்டுச் சரியானதை எழுதும் பிள்ளை எங்கே தவறினான் என்பதை ஆசிரியர் அறிய முடியாமற்போகும், அதுபோலத்தான் இதுவும்.

பிறகு அவர் தேடியது கருவியில் அன்று, அதனோடு இணைந்த மெல்லிய குழாய் ஒன்றில். கோபுரத்தின் மேற்பகுதியில் உள்ள புகைக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அது குழம்பின் எடையோடு சேர்ந்து கணக்கைக் கெடுக்காமலிருக்க, மேலிருந்து ஒரு குழாயை இறக்கிக் கருவியின் மறுபக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். கருவி இரண்டையும் கழித்துக்கொள்ளும். அந்தக் குழாயில் புகையைத் தவிர வேறொன்றும் இருக்கலாகாது. ஆனால் கழுவப்பட்ட புகையில் நீராவி நிறைந்திருக்கிறது. அது குளிர்ந்து துளித்துளியாகக் கீழே இறங்கும். அந்த நீர் தேங்குவதற்கென்று அடியில் ஒரு சிறு குடுவை உண்டு. வாரந்தோறும் அதைத் திறந்து வடிக்கவேண்டும். வால்வைத் திறந்தார். குடுவை நிரம்பி, அதற்கு மேல் குழாயில் 30 சென்டிமீட்டர் உயரம் நின்ற தண்ணீர் சலசலவென்று வடிந்தது. 30 சென்டிமீட்டர் நீரின் எடை, 1.10 அடர்த்தியுள்ள குழம்பில் சுமார் 27 சென்டிமீட்டருக்குச் சமம். கருவி அந்த 27ஐத்தான் கழித்துக்கொண்டிருந்தது. வடிந்தவுடன், யாரும் திருகாமலேயே அளவு 9 மீட்டர் 80க்கு வந்து நின்றது.

உதவியாளர் சொன்னபடி திருகி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்றாவது ஒருநாள் வேறொருவர் குடுவையை வடித்திருப்பார். அன்று முதல் அந்தக் கருவி, இல்லாத 27 சென்டிமீட்டர் குழம்பை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

என் மாணவர் குறிப்பேட்டை வாங்கி, வடித்த பின் கண்ட அளவையும் எழுதினார். குடுவை வடித்த நாளைக் குறிக்கும் பத்தியில் முந்தைய மூன்று வாரங்களும் வெறுமையாக இருந்தன. உதவியாளர் தலைகுனிந்து, அவற்றையும் நிரப்பிவிடட்டுமா என்று மெல்லக் கேட்டார். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, அந்த மூன்று கட்டங்களின்மேலும் மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, நான்காவதில் அன்றைய தேதியை எழுதினார்.