காவேரியின் பெயரில் ஒரு விமானப் பொறி

கினிகத்தேனைப் பகுதியில் வாழ்வோருக்கு டர்பைன் என்பது புதிய சொல் அன்று. மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களும், அவற்றின் அடியில் அமைந்த லக்ஷபான மின் நிலையமும் அவர்கள் கண்டு பழகியவை. 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர இந்நாட்டின் நீர்வலிமையை மின்சாரமாக்கலாம் என்று எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவின்படி லக்ஷபானவில் முதல் யந்திரங்கள் சுழன்றதோ 1950இல். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. யந்திரத் தொழிலில் எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள தூரம் அத்தகையது.

ஜெட் விமானத்தின் உள்ளே இருப்பதும் ஒரு டர்பைனே. ஆயின், இந்தியா தன் போர் விமானத்துக்கென 1989இல் தொடங்கிய ‘காவேரி’ என்னும் தாரைப் பொறி, முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அவ்விமானத்தில் ஏறவில்லை. பெருஞ்செலவும் தேர்ந்த அறிஞர்களும் இருந்தும் இவ்வாறு நேர்ந்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

மலையிலிருந்து இறங்கும் நீர் தன் வலிமையைத் தானே கொண்டு வருகிறது. காற்றுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஜெட் பொறியின் முகப்பில் வரிசை வரிசையாக அமைந்த சுழல் இதழ்கள் காற்றை உள்ளிழுத்து அமுக்குகின்றன. காவேரிப் பொறி விநாடிக்கு 78 கிலோகிராம் காற்றை விழுங்கி, அதனை ஏறக்குறைய இருபத்தொரு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்துகிறது. அக்காற்றில் எண்ணெய் எரிகிறது. கொதித்தெழும் வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் பெறும் ஆற்றல் அநேகமாக முழுவதும் முன்னுள்ள அமுக்கும் சக்கரங்களைச் சுழற்றுவதற்கே போய்விடுகிறது. அதன்பின்னும் எஞ்சிய வேகத்தோடு பின்புறம் பீறிடும் வாயுவே விமானத்தை முன்னே தள்ளுகிறது. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் 1937இல் இத்தகைய பொறியை இயக்கிக் காட்டினார். ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் அமைத்த பொறி 1939இல் விமானத்தையே பறக்கச் செய்தது.

சொல்வதற்கு எளிதான இந்த வேலையைச் செய்து முடித்த நாடுகள் மிகச் சில. விமானத்தின் உடலைக் கட்டும் நாடுகள் பல உண்டு. பொறியை வெளியே வாங்கிக்கொள்கின்றன. அதில் ஓர் இக்கட்டு உண்டு. 1996 முதல் இலங்கை விமானப்படையில் இடம்பெற்ற கிஃபிர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அது இஸ்ரேலில் கட்டப்பட்டது. உள்ளிருப்பதோ அமெரிக்கப் பொறி. 1977இல் அதே விமானத்தை எக்குவடோருக்கு விற்க இஸ்ரேல் முனைந்தபோது, பொறி தங்களுடையது என்ற காரணத்தால் அமெரிக்கா மறுத்தது. விற்பனை நின்றது. வீட்டைக் கட்டியவரிடம் திறவுகோல் இல்லை!

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அதற்கும் முன்னரே கிடைத்திருந்தது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்த ‘மாருத்’ போர் விமானம் 1961இல் பறந்தது. ஒலியினும் விரைந்து செல்லக்கூடிய உடல் அதற்கு. அதற்கென எண்ணியிருந்த வலிமை மிக்க பிரிட்டிஷ் பொறி உருவாகவே இல்லை. எகிப்தில் உருவாகிவந்த ஒரு பொறியையும் பொருத்திப் பார்த்தனர், அம்முயற்சியும் நின்றுபோயிற்று. கடைசிவரை வலிமை குறைந்த ஒர்ஃபியஸ் பொறிகளுடனேயே மாருத் காலத்தைக் கழித்தது.

கான்பூரில் 1959இல் சிறிய அளவில் தொடங்கிப் பின்னர் பெங்களூருக்கு மாறிய வாயு டர்பைன் ஆராய்ச்சி நிலையத்திடம் காவேரிப் பணி ஒப்படைக்கப்பட்டது. பொறியின் நெஞ்சுப் பகுதிக்குக் கபினி என்று பெயர். காவிரியில் கலக்கும் ஆற்றின் பெயர் அது. பெயர் வைத்தவர் பொருத்தம் அறிந்தவர் என்றே சொல்லவேண்டும். 382 கோடி ரூபாயில், 1996 முடிவுக்குள் பணி நிறைவேறும் என்று கணக்கிட்டனர். அந்தக் கணக்கு தவறிற்று. 2021இல் அரசு நாடாளுமன்றத்துக்கு அறிவித்தபடி, செலவான தொகை 2,035 கோடிக்கும் மேல். ஒன்பது முழுப்பொறிகளும் நான்கு நெஞ்சுப் பொறிகளும் செய்யப்பட்டு, 3,217 மணி நேரம் இயக்கிப் பார்க்கப்பட்டன.

தடைகளுள் முதன்மையானது வெப்பம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் காற்றின் சூடு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ். காவேரியின் டர்பைன் இதழ்களை எதிர்கொள்ளும் வாயுவின் சூடு 1,400 பாகையைத் தாண்டுமாறு வகுக்கப்பட்டது. அவ்விதழ்களுக்கு அடிப்படையான நிக்கல் உலோகம் 1,455 பாகையில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். அந்தச் சூட்டில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும்போது, ஒவ்வோர் இதழும் தன் எடையைப்போல் பல்லாயிரம் மடங்கு விசையால் வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. ஆகவே இதழுக்குள் நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கின்றனர். குளிர்விக்க வரும் அந்தக் காற்றே பல நூறு பாகைச் சூடுடையது என்பது வேடிக்கை.

உலோகமும் சாதாரணமாக வார்க்கப்படுவது அன்று. சீனியை நனைத்துக் கட்டியாக்கினால் மணிக்கு மணி ஒட்டிய இடத்தில் அது உதிரும். கற்கண்டோ ஒரே படிகமாக நிற்கும். உலோகமும் அவ்வாறே மணிமணியான துகள்களால் ஆனது. கடும் வெப்பத்தில் அத்துகள்களின் எல்லைகளிலேயே நெகிழத் தொடங்குகிறது. அதனால் இதழ் முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்தெடுக்கின்றனர். இக்கலையை அறிந்தவர்கள் அதனைப் பிறருக்குக் கற்பிப்பதில்லை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக்கூடம் தானே முயன்று கற்று, 2021இல் ஹெலிகாப்டர் பொறிக்கென அறுபது ஒற்றைப் படிக இதழ்களை வழங்கியது. காவேரி தொடங்கியபோது இந்தத் தேர்ச்சி நாட்டில் இல்லை.

மற்றொரு தடை சோதனைக்கூடம். சிவனொளிபாதமலை ஏறுவோருக்கு உச்சியை நெருங்குகையில் மூச்சு வாங்குகிறது. அந்த மலையின் உயரம் 2,243 மீற்றர். போர் விமானம் ஏறும் 12,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் கால் பங்கே. அங்கே பொறி மூச்சுத் திணறாதிருக்கிறதா என்று நிலத்திலேயே அறிய விசேட அறைகள் வேண்டும். இந்தியாவில் அவை இல்லாமையால் பொறியை ரஷ்யாவுக்கு ஏற்றி அனுப்பினர். 2004இல் அங்கு நடந்த உயர்நிலைச் சோதனையில் காவேரி தேறவில்லை. 2010 நவம்பரில், ஓர் இல்யூஷின் சரக்கு விமானத்தின் நான்கு பொறிகளுள் ஒன்றைக் கழற்றிவிட்டுக் காவேரியைப் பொருத்திப் பறந்தனர். அது பறந்தது, நன்றாகவே பறந்தது.

ஆயினும் தேஜஸ் விமானத்துக்கு வேண்டியிருந்த உந்துவிசை 81 கிலோ நியூட்டன். காவேரி தந்தது 70.4. ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தூக்கும் விசை குறைவு. எடையோ 1,100 கிலோகிராமுக்குப் பதில் 1,235. இவ்விரண்டு குறைகளினால் 2008இலேயே தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி விலக்கப்பட்டிருந்தது. 2001இல் தேஜஸ் முதன்முதல் பறந்ததும் அமெரிக்கப் பொறியின் துணையால்தான். பின்னர் 2021இல் அவ்வகைப் பொறிகள் 99 வாங்க ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதுவரை கட்டி முடிந்த விமான உடல்கள் பொறியின்றிக் காத்துக்கிடந்தன.

இதனால் காவேரி வீண் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதிலிருந்து பிறந்த கப்பல் டர்பைன் விசாகப்பட்டினத்தில் 12 மெகாவாட் ஆற்றல் தந்தது; லக்ஷபானவில் 1958இல் சேர்க்கப்பட்ட யந்திரம் ஒவ்வொன்றின் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவே. போர் விமானங்கள் திடீர் வேகத்துக்காக வால்பகுதியில் மீண்டும் எண்ணெயை எரிக்கும் ‘பின்னெரிப்பு’ இல்லாமல், காவேரியிடம் எதிர்பார்த்தது 52 கிலோ நியூட்டன், கிடைத்தது 49.2. இங்கே குறை சொற்பம். எதிரியின் கண்ணில் படாது செல்லவேண்டிய ஆளில்லாப் போர் விமானத்துக்குப் பின்னெரிப்பின் தீச்சுவாலை வேண்டுவதே இல்லை. ஆகவே அந்தப் பகுதியை நீக்கிய காவேரியை, ‘காதக்’ என்னும் ஆளில்லா விமானத்துக்கென உருவாக்குகின்றனர். இதே நிலையத்தார் வகுத்த ‘மாணிக்’ என்னும் சிறுபொறி, 2024 ஏப்ரலில் சாந்திப்பூர்க் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையொன்றை இயக்கியது.

புதிய தலைமுறைப் போர் விமானத்துக்கு வேண்டியதோ இன்னும் பெரிய பொறி. அதனை பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு கூடி அமைக்கப் போவதாக இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் 2025இல் அறிவித்தார்.